பழைய இணைய முகவரிக்கு யார் பொறுப்பு?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்கிறார், அமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறார். விவரம் நீளமாக இருந்தால், துறையின் இணையதளத்தில் உள்ள அறிக்கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இணைய முகவரியைக் குறிப்பிடுவது 1990களின் பிற்பகுதியில் அங்கே வழக்கத்துக்கு வந்தது. அவைக்குறிப்பான ஹன்சார்டில் அந்தப் பதில் முகவரியோடு சேர்ந்தே அச்சேறும். 1997 முதல் 2006 வரை ஹன்சார்டில் இப்படி இடம்பெற்ற முகவரிகளைப் பின்னர் சோதித்துப் பார்த்தபோது, 60 சதவீதம் வேலை செய்யவில்லை. அப்போது அவை முன்னவராக இருந்த ஜாக் ஸ்ட்ரா 2007இல் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அமைச்சர் பதில் சொன்னார் என்பதற்குப் பதிவு இருந்தது, என்ன சொன்னார் என்பதைத் தேடிப் போனவருக்கு வெற்றுப் பக்கம் காத்திருந்தது. யாரும் வேண்டுமென்றே ஆவணங்களை ஒளித்துவைக்கவில்லை. துறைகள் பெயர் மாறின, ஒன்றோடொன்று இணைந்தன, தளங்களைப் புதுப்பித்தன. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பக்கங்கள் இடம் மாறின. பழைய முகவரியைத் தேடி வருபவருக்குப் புதிய இடத்தைக் காட்டும் வேலை மட்டும் யார் பொறுப்பிலும் விடப்படவில்லை.

ஓர் இணையதளம் இடம் மாறும்போது முகவரிகள் ஏன் மாற வேண்டும்? முகவரியின் முன்பாதி தளத்தின் பெயர், அதாவது டொமைன். பின்பாதி அந்தத் தளத்துக்குள் குறிப்பிட்ட பக்கம் இருக்கும் வழி. நிறுவனம் பெயர் மாற்றினால் முன்பாதி மாறும். உள்ளடக்கத்தைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோனாலோ, பகுதிகளைக் கலைத்து அடுக்கினாலோ பின்பாதி மாறும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். எந்த மென்பொருள் பக்கத்தைத் தயாரிக்கிறது, எந்தப் பிரிவு அதைப் பராமரிக்கிறது என்பது போன்ற நாளைக்கு மாறிவிடக்கூடிய விவரங்களை முகவரிக்குள் வைக்காதீர்கள் என்பது அவர் சொன்ன வழி. அதைப் பின்பற்றியவர்கள் குறைவு. ஆகவே முகவரிகள் மாறுகின்றன, இனியும் மாறும். மாறிய பிறகு பழைய முகவரியை என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. வெளியிடும் வரை ஒரு முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த விஷயம். வெளியிட்ட பிறகு அது பிறருடைய புத்தகங்களில், தீர்ப்புகளில், பாடக்குறிப்புகளில், வாட்ஸ்அப் உரையாடல்களில், சுவரொட்டியின் கியூஆர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கெல்லாம் தேடிப் போய்த் திருத்த எவராலும் முடியாது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்கும் வசதி ஒருவரிடம்தான் இருக்கிறது: அந்த முகவரி எந்த சர்வரைப் போய்ச் சேர்கிறதோ, அதை வைத்திருப்பவரிடம். வேறு யாராலும் செய்ய முடியாத வேலை இது. அதனாலேயே இது அவருடைய கடமையாகிறது என்பது என் வாதம்.

கடமை என்றாலும் தூக்க முடியாத சுமை அல்ல. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியதும் அந்தப் பக்கத்தைக் கேட்டு சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. சர்வர் தன் பதிலின் தலைப்பில் மூன்றிலக்க எண் ஒன்றை வைக்கிறது. 200 என்றால் பக்கம் இருக்கிறது. 404 என்றால் அப்படியொரு பக்கம் இல்லை. 301 என்றால் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள், கூடவே புதிய முகவரியும் ஒரு வரியில் வரும். பிரவுசர் அந்தக் கணமே அங்கே போய்விடும். வாசகருக்கு ஏதோ நடந்ததே தெரியாது. வீடு மாறியவர் அஞ்சலகத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைப் போன்ற ஏற்பாடு இது. 1996இல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி நெறிமுறையின் 1.0 பதிப்பு ஆவணமாக வெளியானபோதே 301 அதில் இருந்தது. தற்காலிக மாற்றத்துக்கு 302 என்ற தனி எண்ணும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 301 கிடைத்தால் தேடுபொறிகள் பழைய முகவரியின் இடத்தில் புதியதைப் பட்டியலில் ஏற்றிக்கொள்ளும். பிரவுசரும் அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான பக்கத்துக்கு 301 போட்டுவிட்டால், சர்வரில் திருத்திய பிறகும் ஏற்கெனவே வந்துபோனவரின் கணினி பழைய தவறையே திரும்பச் செய்யக்கூடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் முதலில் 302 போட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே 301க்கு மாற்றுகிறார்கள்.

இவ்வளவு எளிய ஏற்பாடு செய்யப்படாமல் போவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்குக் கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளில் பாதிக்கும் மேல், 54 சதவீதத்தில், மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு சுட்டியாவது செத்திருந்தது. நியூயார்க் டைம்ஸ் தளத்தில் 1996 முதல் வெளியான சுமார் ஐந்தரை லட்சம் கட்டுரைகளை ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஜொனாதன் ஸிட்ரெய்ன் குழுவினர் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளில் நான்கில் ஒன்று இறந்திருந்தது. 1998இல் வெளியான கட்டுரைகளில் அது 72 சதவீதம். காணாமல் போன எல்லாப் பக்கமும் தளம் மாறியதால் போனதல்ல, மூடப்பட்ட தளங்களும் வேண்டுமென்றே நீக்கப்பட்ட பக்கங்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால் நிறுவனம் உயிரோடு இருந்து, ஆவணமும் அதன் சர்வரில் எங்கோ இருந்து, வழி மட்டும் அறுந்துபோகிற இழப்பைத்தான் முழுமையாகத் தடுக்க முடியும். அதையும் தடுக்காமல் விடுவதற்குச் சமாதானமே கிடையாது.

முடியும் என்று காட்டியதும் பிரிட்டன்தான். ஹன்சார்டு விவகாரத்துக்குப் பிறகு அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் அரசுத் தளங்களை முன்னைவிட விரிவாக நகலெடுத்துச் சேமிக்கத் தொடங்கியது. அதோடு, துறைகளின் சர்வர்களில் நிறுவச் சிறிய மென்பொருள் ஒன்றையும் கொடுத்தது. கேட்ட பக்கம் சர்வரில் இல்லையென்றால் உடனே 404 சொல்லாமல், காப்பகத்தில் நகல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாசகரை அங்கே அனுப்பிவிடும். அடுத்து 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய அரசுத் தளங்கள் மூடப்பட்டு, கவ்.யூகே என்ற ஒரே தளம் திறக்கப்பட்டது. பின்னர் 24 அமைச்சகங்களும், அவற்றைத் தொடர்ந்து 300க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளும் அதற்குள் வந்தன. இந்த மாற்றத்தை நடத்திய குழுவினர் பழைய முகவரிகளை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்பதை மனிதர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் திரையில் அருகருகே நிறுத்தி, இதற்கு அது பொருத்தமா என்று பார்க்கும் கருவியையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். புதிய தளத்தில் ஈடான பக்கம் இல்லாதபோது, இது நீக்கப்பட்டுவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, காப்பக நகலுக்கு வழிகாட்டும் பக்கம் வைத்தார்கள். அதற்கு உரிய எண் 410, 'போய்விட்டது' என்று அர்த்தம். தெரியாது என்று கைவிரிக்கும் 404ஐ விட இது நேர்மையான பதில். இருந்தது, நாங்கள்தான் எடுத்தோம் என்று பொறுப்பேற்கிறது.

இந்த வேலையைத் தவிர்க்க நினைப்பவர்கள் முதலில் எடுக்கும் குறுக்குவழி, பழைய முகவரிகள் அத்தனையையும் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. ஒரே வரியில் முடிந்துவிடும். 404 என்ற எண்ணே யார் கண்ணிலும் படாது, அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும். எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டின் ஓர் அரசாணையைத் தேடி வந்தவர் முகப்புப் பக்கத்தில் வந்து விழும்போது, தான் தவறாகத் தட்டினோமா, ஆவணம் நீக்கப்பட்டதா, உள்ளே எங்காவது இருக்கிறதா என்று எதுவும் தெரியாமல் நிற்கிறார். 404 கூட இதைவிட மேல், இல்லை என்பதையாவது சொல்கிறது. கூகுளும் இந்தத் தந்திரத்தை ஏற்பதில்லை. தொடர்பில்லாத பல பக்கங்களை முகப்புக்குத் திருப்பினால், அவற்றை 'சாஃப்ட் 404', அதாவது காணாமல் போன பக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொரு தரப்பு, கூகுளில் தேடினால் புதிய பக்கம் கிடைத்துவிடுமே என்கிறது. என்ன தேடுகிறோம் என்று வார்த்தைகளில் தெரிந்தவருக்கு அது சரி. ஒரு நூலின் அடிக்குறிப்பில் முகவரியை மட்டும் பார்த்தவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? அதே தலைப்பில் திருத்தப்பட்ட வேறு பதிப்பு கிடைத்தால், நூலாசிரியர் பார்த்தது அதுதானா என்பதை எப்படி அறிவார்?

இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். 1996 முதல் வலையைச் சேமித்து வரும் அந்த லாப நோக்கற்ற அமைப்புக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அது எடுத்த நகல்தான் அதில் இருக்கும். எடுக்காத நாளின் பக்கமும், உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பக்கமும், தேடல் பெட்டிக்குள் கேட்டால் மட்டும் வெளிவரும் தரவும் அதில் பெரும்பாலும் சிக்குவதில்லை. 2024 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலால் அந்தத் தளமே பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. உயிரோடு இருக்கும் நிறுவனம் தன் சொந்த ஆவணத்துக்கான வழியை அடுத்தவர் நன்கொடையில் நடத்தும் நூலகத்தின் தலையில் கட்டுவது எந்த வகையிலும் முறையல்ல.

செலவு என்ற மறுப்புக்கு அடிப்படை உண்டு. பத்து ஆண்டுகள் நடந்த ஒரு செய்தித்தளத்தில் லட்சக்கணக்கில் பக்கங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பொருத்த ஆட்கள் எங்கே? எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. பழைய முகவரியில் ஆண்டும் செய்தி எண்ணும் இருந்து, புதியதிலும் அதே எண் இருந்தால், ஒரே விதி லட்சம் பக்கங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எண் மாறியிருந்தால், உள்ளடக்கத்தை ஏற்றும் நிரல் இந்தப் பழையது அந்தப் புதியதானது என்று ஓர் அட்டவணையையும் எழுதிவிடலாம். அந்த நேரத்தில் செய்தால் கூடுதல் உழைப்பே இல்லை. தளம் திறந்து ஆறு மாதம் கழித்து நினைவு வந்தால்தான் மலையாகிறது. மிச்சத்துக்கு சர்வரின் வருகைப் பதிவேடு இருக்கிறது, எந்தப் பழைய முகவரியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அதில் வரிக்கு வரி பதிவாகியிருக்கும். அதிகம் கேட்கப்படுவதிலிருந்து தொடங்கி இறங்கி வரலாம். இந்த இடத்தில் பலரும் கோட்டை விடுவது பிடிஎஃப் கோப்புகளில். பக்கங்களுக்கு வழி போட்டுவிட்டு, அறிக்கைகளையும் படிவங்களையும் மறந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்திலும் ஆய்வேட்டிலும் மேற்கோள் ஆகிறவை பெரும்பாலும் அந்தக் கோப்புகள்தான்.

எத்தனை காலம் இந்த வழியைத் திறந்துவைப்பது என்ற கேள்விக்கு, கூகுள் தன் வழிகாட்டியில் குறைந்தது ஓர் ஆண்டு என்கிறது. அது தேடுபொறிக்கான கணக்கு. புதிய முகவரியைப் பதிந்துகொள்ள அதற்கு ஓர் ஆண்டு போதும், நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்குப் போதாது. கூகுளுக்கே இது ஒருமுறை உறைத்தது. நீளமான முகவரிகளைச் சுருக்கித்தர அது 2009இல் தொடங்கிய சேவை, பின்னாளில் கைவிடப்பட்டது. ஏற்கெனவே உருவான சுருக்க முகவரிகளும் 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு வேலை செய்யாது என்று 2024இல் அறிவித்தார்கள். எண்ணற்ற ஆவணங்களில் அந்த முகவரிகள் பதிந்திருப்பதைச் சுட்டிக்காட்டிப் பலர் எதிர்த்த பிறகு, பயன்பாட்டில் உள்ளவற்றை விட்டுவைப்பதாகக் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பு முடிவை மாற்றினார்கள். திருப்பிவிடும் அட்டவணை ஒன்றை வைத்திருக்க ஆகும் செலவு, மற்ற செலவுகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டொமைன் இருக்கும் வரை அட்டவணையும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை தளம் மாறும்போதும் பழைய விதிகளைத் திறந்து, கடைசி இடத்துக்கு நேராகத் திருப்பினால் போதும். அப்படிச் செய்யாமல் ஒன்றன் மேல் ஒன்றாக விதிகளைச் சேர்த்தால், முதல் முகவரி இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் துரத்தும் சங்கிலி உருவாகும். கூகுள் பத்துத் தாவலுக்கு மேல் பின்தொடராது.

டொமைனையே கைவிடுவது இன்னும் ஆபத்தானது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ 2011இல் வீடியோ கேம் வழக்கொன்றில் எழுதிய கருத்தின் அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரியைக் குறிப்பிட்டிருந்தார். அந்த டொமைன் பின்னர் காலாவதியானது. யாரோ அதை வாங்கி, இணையத் தகவல் எவ்வளவு நிலையற்றது பார்த்தீர்களா என்று நீதிமன்றத்தைக் கேலி செய்யும் வாசகத்தைப் போட்டுவைத்தார். கேலியோடு போனது நல்ல காலம். அரசுத் துறை, வங்கி, மருத்துவமனை கைவிட்ட பெயரை மோசடிக்காரர் வாங்கினால், நம்பி வருபவர் தன் விவரங்களை நேரே அவரிடம் கொடுத்துவிடுவார். பெயர் மாறிய நிறுவனம் பழைய டொமைனுக்கு ஆண்டுதோறும் கட்டும் சிறு தொகையை வீண் செலவு என்று நிறுத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்தைத் திரையில் பார்க்கிறோம், ஆனால் வலைக்குள் அது அப்படியே பயணிப்பதில்லை. யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் ஆகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள் உள்ளன, முகவரிக்குள் அது 45 எழுத்து. பல தமிழ்த் தளங்கள் ஓடும் வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து உருவாக்கும் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது, அதில் 22 தமிழ்க் குறிகளே அடங்கும். 'உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள்' என்று தலைப்பு வைத்தால், இடைவெளிகளையும் சேர்த்து 'முடி' என்ற இடத்தில் முகவரி அறுந்துவிடும். அடுத்த தேர்தலில் அதே தலைப்பு வந்தால், அறுந்த துண்டின் வாலில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். இப்போது தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது, தலைப்பு ஒன்றுதானே என்று அதிலிருந்து பழைய முகவரியைக் கணித்து விதி எழுதினால், இப்படி அறுந்த முகவரி ஒன்றுகூடப் பொருந்தாது. தரவுத்தளத்தில் பதிந்திருக்கும் உண்மையான முகவரியைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமாக ஒன்று. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. பழைய பக்கம் ஒரு முறையில் பதிந்து, அட்டவணை இன்னொரு முறையில் தட்டச்சாகியிருந்தால், திரையில் எழுத்துக்கு எழுத்து சரியாகத் தெரியும் விதி வேலை செய்யவே செய்யாது. காரணம் புரியாமல் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். யூனிகோடு இதற்கென்றே வகுத்த சீராக்கும் முறையில் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும். சதவீதக் குறியை அடுத்து வரும் ஆங்கில எழுத்துகள் ஒரு மென்பொருளில் பெரியதாகவும் இன்னொன்றில் சிறியதாகவும் இருப்பதும் இதே வகை. நெறிமுறைப்படி இரண்டும் சமம், எழுத்தை எழுத்தாக மட்டும் ஒப்பிடும் விதிக்குச் சமமல்ல. ஆங்கிலத் தளத்துக்காக எழுதப்பட்ட விதிகளை அப்படியே எடுத்துப் போட்டால் தமிழ்ப் பக்கங்கள் தொலைவது இப்படித்தான்.

சில பக்கங்கள் போகத்தான் வேண்டும் என்ற மறுப்பை ஏற்கிறேன். நீதிமன்றம் நீக்கச் சொன்னவை, ஒருவரின் அந்தரங்கத்தை வெளிப்படுத்துபவை, தவறான மருத்துவத் தகவல் ஆகியவற்றுக்குப் புதிய தளத்தில் இடம் தேவையில்லை, அவற்றுக்கு 410 இருக்கிறது. காலாவதியான திட்டத்தின் விதிமுறைகளும் இந்த வகைதான் என்று சிலர் சேர்ப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். திட்டம் முடிந்த பிறகுதான் வழக்கு வரும், தணிக்கை வரும், ஆய்வு வரும். இது பழைய விதி, இந்தத் தேதிவரை அமலில் இருந்தது என்று தலையில் ஒரு வரி போட்டு வைத்திருப்பதே முறை.

இந்தியாவில் நிக்.இன் என்று முடிந்த அரசு முகவரிகள் பல, கடந்த ஆண்டுகளில் கவ்.இன் என்று மாறியிருக்கின்றன. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் முகவரி மாறியதும் அப்படித்தான். பழைய முகவரிகளோ அதற்கு முன் வெளியான செய்திகளிலும் நூல்களிலும் மனுக்களிலும் அச்சாகி நிற்கின்றன. மாநிலத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் நாளிதழ்களும் இனியும் தளம் மாற்றத்தான் போகின்றன. வேலை பெரும்பாலும் வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகப் போகும், ஒப்பந்தத்தில் எழுதாததை அவர்கள் செய்ய மாட்டார்கள், செய்யச் சொல்லிக் கேட்கவும் முடியாது. ஆகவே டெண்டர் ஆவணத்திலேயே இதை எழுதிவிட வேண்டும்: கோப்புகள் உட்பட இப்போதுள்ள முகவரிகளின் முழுப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் புதிய முகவரி அல்லது 410 என்ற முடிவு, திறப்பதற்கு முன் அந்தப் பட்டியல் முழுவதையும் இயந்திரத்தைக் கொண்டு சோதித்த அறிக்கை, திறந்த பிறகு மூன்று மாதம் 404 பதிவேட்டைப் பார்த்து விடுபட்டதைச் சேர்க்கும் பொறுப்பு, பழைய டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய அலுவலரின் பதவிப் பெயர். இவை நிறைவேறும் வரை கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.